இல்லாததை வரைய முடியாது

வேலூரைப் பற்றி ஒரு சொலவடை இருக்கிறது. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. இந்த வரிசையில் பெண்களைப் பற்றியும் ஒன்றைச் சேர்த்துச் சொல்வார்கள். அதை நான் எழுதப்போவதில்லை. வெளியூர்க்காரர்கள் சொல்வதைவிட நாங்களே சொல்லிக்கொள்வதுதான் அதிகம். கல்யாணத்துக்கு வரும் உறவினரைக் காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வரும்போது, பாலாற்றுப் பாலம் வந்தவுடன் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். வந்தவர் சிரிப்பார், சொன்னவரும் சிரிப்பார். சென்ற கார்த்திகையில் என் மகள் இதைப் பள்ளியில் கேட்டு வந்து எங்கள் முன்னால் ஒப்பித்தாள். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். அவள் இன்னும் கோட்டை மலைமேல் ஏறியதில்லை, பாலாற்று மணலில் இறங்கி நடந்ததில்லை. ஊரைப் பார்ப்பதற்கு முன்பே ஊரில் என்னவெல்லாம் இல்லை என்று பாடம் படித்துவிட்டாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஓய்வு நாட்களில் பேனாவும் வாட்டர் கலர் பெட்டியுமாகத் தெருவில் உட்கார்ந்து வரைகிறவன் நான். அதனால்தான் இந்தச் சொலவடை என்னை இவ்வளவு உறுத்துகிறதோ என்னவோ. எதிரில் இருப்பதை மட்டுமே பேனா வரையும். ராஜா இல்லை என்பதை எந்தக் கோட்டால் காட்டுவது? சுவர் இருக்கிறது, அதன் வாயில் இருக்கிறது, வாயிலில் வேர்க்கடலை விற்பவர் இருக்கிறார். நகரங்களை நேரில் உட்கார்ந்து வரைகிறவர்கள் இன்று உலகமெங்கும் கூடி வரைகிறார்கள். கேப்ரியல் கம்பனாரியோ என்னும் பத்திரிகை ஓவியர் 2007இல் சியாட்டில் நகரில் தொடங்கிவைத்த கூட்டம் அது. அவர்கள் தங்களுக்கு விதித்துக்கொண்ட முதல் நெறி, இடத்துக்கே சென்று கண்ணால் கண்டதை வரைய வேண்டும் என்பது. கண்ட காட்சிக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. சொலவடை சொல்கிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் இவ்வளவுதான். ஆகவே மார்கழி ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அந்த நான்கு ‘இல்லாத’வற்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு, கோட்டைப் பூங்காவுக்குப் போனேன்.

சித்திரையில் நிழல் கிடையாது

இந்த ஊரை வெயிலூர் என்று அழைப்பதில் எனக்கு வருத்தமில்லை, அது உண்மை. ஆனால் வெயில் எல்லா மாதங்களிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. வரைகிறவனுக்கு வெயிலின் அளவைவிட அது வந்து விழும் கோணம் முக்கியம். வேலூர் ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் நடுப்பகல் சூரியன் சரியாக நம் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். நட்டுவைத்த கம்பத்துக்கும் அப்போது நிழல் இராது. கோட்டை மதில் முழுவதும் வெளுத்துப்போய், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள கோடுகூடத் தெரியாமல் ஒரே பரப்பாக நிற்கும். சித்திரையில் வேலூருக்கு வந்து பார்த்துவிட்டு இங்கே ஒன்றுமில்லை என்று சொல்கிறவர் ஒருவகையில் தாம் கண்டதைத்தான் சொல்கிறார். மார்கழியில் கணக்கு வேறு. டிசம்பர் 21 வாக்கில் நடுப்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்து, 54 பாகை உயரத்தைத் தாண்டாமல் போய்விடும். ஆள் உயரத்தில் முக்கால் பங்குக்கு நிழல் விழும். வடக்கு மதில் நாளெல்லாம் நிழலிலேயே இருக்கும். கிழக்கு மதிலிலோ காலை வெயில் தென்கிழக்கிலிருந்து சரிவாகத் தடவிக்கொண்டு போகும். ஒவ்வொரு கல்லின் விளிம்பும், உளி பட்ட தழும்பும், இடுக்கில் முளைத்த அரசங்கன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கும்.

வண்ணத்துக்கும் மார்கழிதான் ஏற்ற மாதம். கோடையில் தூரிகை தாளில் பட்ட இடம் உடனே உலர்ந்து கறையாகிவிடும். அடுத்த வண்ணத்தைச் சேர்ப்பதற்குள் விளிம்பு கட்டிவிடும். பனிக்காலக் காலையில் காற்றில் ஈரம் இருப்பதால் பூச்சு நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும். ஒரு நிறத்துக்குள் இன்னொரு நிறத்தை விட்டு, அவை தாமாகக் கலப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கருங்கல்லைச் சாம்பல் நிறம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அதை வரைந்து பார்க்க வேண்டும். நான் அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பையும் கலக்கிறேன். அந்த நீலத்தின் துகள்கள் தாளின் பள்ளங்களில் போய்ப் படியும். கல்லின் சொரசொரப்பு தானாக வந்துவிடும். வெயில் பட்ட கல்லில் செம்பழுப்பு மிகும், நிழலில் நீலம் மிகும். ஒரே மதிலுக்குள் இத்தனை நிறங்கள் இருப்பது எனக்கே வரைய ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

அன்று காலை புல்லில் பனி இருந்தது. சாக்கை விரித்து, அதன்மேல் நாளிதழைப் போட்டு உட்கார்ந்தேன். கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு ஓய்ந்து வெகுநேரம் ஆகவில்லை. அகழியில் நீர்க்காகங்கள் முங்கி முங்கி எழுந்தன. எதிரே அகழி, அதற்குப் பின்னால் தாழ்வான வெளிமதில், அதற்கும் பின்னால் வட்டக் கொத்தளங்களுடன் உயர்ந்த உள்மதில், அதன் உச்சியில் பல்வரிசைபோல நிற்கும், தலை வளைந்த ஞாயில்கள். சின்ன பொம்மி நாயக்கரும் திம்ம ரெட்டியும் விஜயநகர அரசுக்கு உட்பட்டு 16ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோட்டை. 133 ஏக்கர் என்பார்கள். வரைய உட்கார்ந்தால் அந்த எண் மறந்துபோகும். ஒரு கொத்தளத்தின் வளைவு தாளில் சரியாக வருகிறதா என்பதே பெரும்பாடு. வட்டச் சுவர் கண்மட்டத்துக்கு மேலே போகப் போக அதன் கல் வரிசைகள் நடுவில் மேல்நோக்கி வளையும். அந்த வளைவைத் தவறவிட்டால் கொத்தளம் தட்டையாகிவிடும். வெட்டிய கற்களை எவ்வளவு நெருக்கமாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதைக் கோடு கோடாகப் பின்தொடர்ந்தபோது, பெயர் தெரியாத அந்தக் கல்தச்சர்கள் அருகில் உட்கார்ந்திருப்பதுபோலவே எனக்குத் தோன்றியது.

தெருவில் உட்கார்ந்து வரைகிறவனுக்குத் தனிமை கிடையாது, அதை நான் விரும்புகிறேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். கிரிக்கெட் விளையாடிய பையன்கள் பந்து எடுக்க வந்த சாக்கில் எட்டிப் பார்த்தார்கள். “அண்ணா, அந்தக் கம்பிவேலியையும் போடுவீர்களா?” என்று ஒருவன் கேட்டான். போடுவேன் என்றேன். தொல்லியல் துறையின் நீல நிறப் பலகையையும் போடுவேன், உன்னையும் போடுவேன் என்றேன். அவன் மட்டையைத் தோளில் வைத்து அசையாமல் நின்றான். கோட்டையை வரைகிறேன் என்று சொல்லிக் கம்பிவேலியையும் மின்கம்பத்தையும் ஆட்களையும் நீக்கிவிட்டு வரைகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதுவும் ஒரு வகையில் ‘இல்லாத’ பட்டியல்தான். இருக்கிறதை இல்லை என்று ஆக்குவது.

கல் இல்லாத ஊரிலிருந்து வந்தவர்

பத்து மணிக்கு மேல் இருக்கும். சால்வை போர்த்திய பெரியவர் ஒருவர் வந்து பக்கத்தில் குந்தினார். வேலூர்க்காரர்களுக்குப் பார்த்தவுடன் தெரியும்: மருத்துவமனைக்கு வந்தவர். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணி சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்து, வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஆட்களை இந்த ஊருக்கு வரவழைக்கிறது. காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் லாட்ஜுகளின் பலகைகள் வங்காளியில் இருக்கின்றன. பெரியவர் முர்ஷிதாபாத் மாவட்டத்துக்காரர். மகனுக்குச் சிகிச்சை, ஞாயிறு ஆனதால் பரிசோதனை எதுவும் இல்லை, காலார நடந்து வந்திருக்கிறார். எங்கள் தெருவில் உருது பேசும் குடும்பங்கள் அதிகம் என்பதால் எனக்குத் தட்டுத் தடுமாறியாவது அந்த மொழியில் பேச வரும். சாச்சா என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பேட்டா என்றார்.

தாளைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். “இவ்வளவு கல்லை எங்கிருந்து கொண்டுவந்தார்கள்?” என்று கேட்டார். நான் திரும்பிக் கிழக்கே கையைக் காட்டினேன். சாலைக்கும் கட்டடங்களுக்கும் அப்பால் கோட்டை மலை, பாறைமேல் பாறையாக நின்றிருந்தது. இப்படிப்பட்ட மலைகள் சுற்றிலும் இருக்கும்போது கல்லுக்கு என்ன பஞ்சம் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்: “எங்கள் ஊரில் தோண்டினால் மண், இன்னும் தோண்டினால் தண்ணீர். கல் என்பதே கிடையாது. நவாபுகள்கூடச் செங்கல்லில்தான் கட்டினார்கள். வீட்டுக்குத் தளம் போட வேண்டுமென்றால் பாக்கூரிலிருந்து லாரியில் ஜல்லி வரவேண்டும், காசு கொடுக்க வேண்டும். உங்களுக்கு அல்லா மலை மலையாகக் கொடுத்திருக்கிறார்.” பிறகு லாட்ஜ் மாடியைப் பற்றிச் சொன்னார். அதிகாலையில் தொழுகை முடித்து மாடிக்குப் போனால் மலை ஒரே கறுப்பாக நிற்குமாம். சூரியன் அதன் பின்னாலிருந்து ஏறி வர, ஒவ்வொரு பாறையாகப் பிரிந்து தெரிய ஆரம்பிக்குமாம். மாலையில் மேற்கு வெயில் பட்டு முழு மலையும் செம்மண் நிறத்துக்கு வருமாம். மகனுக்கு உடம்பு தேறும் வரைக்கும் இதுதான் தனக்குக் கிடைத்த காட்சி என்றார். “பேட்டா, கோட்டையை வரைகிறாய், சரி. அதன் தாயை ஏன் விட்டுவிட்டாய்?”

மலையை அந்தக் கோட்டைக்குத் தாய் என்று இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. மரம் இல்லாத மலை என்றுதான் கேட்டிருக்கிறேன். மரம் இருந்திருந்தால் அது பச்சை போர்த்த இன்னொரு மலையாக இருந்திருக்கும். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாறை உடம்பு வெளியே தெரிந்தபடியால் அல்லவா இந்தக் கோட்டை எழுந்தது, கோயில் எழுந்தது, அம்மியும் ஆட்டுக்கல்லும் ஊரெங்கும் போயின? கல் இல்லாத ஊரிலிருந்து வந்தவர் கண்ணுக்கு இருப்பது பட்டது. எங்கள் கண்ணுக்கு இல்லாதது மட்டுமே படும்படி நாங்கள் எங்களைப் பழக்கிவைத்திருக்கிறோம்.

அவர் அடுத்துக் கேட்டது இந்தக் கோட்டையில் ஆண்ட ராஜா யார் என்று. சொலவடை என் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு திப்பு சுல்தானின் குடும்பத்தை ஆங்கிலேயர் இங்கே கொண்டுவந்து காவலில் வைத்தார்கள். 1806 ஜூலை 10ஆம் நாள் இருட்டு பிரியும் முன்பே இந்த மதில்களுக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள், கோட்டைமேல் மைசூர்க் கொடியை ஏற்றினார்கள். ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து சேர்ந்து அதை ரத்தத்தில் முடித்தது. அதன் பிறகு திப்புவின் பிள்ளைகளை இங்கே வைத்திருப்பது ஆபத்து என்று கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கல்கத்தா என்றதும் பெரியவர் நிமிர்ந்தார். “தர்மதலாவில் திப்பு சுல்தான் மசூதி இருக்கிறது. அதைக் கட்டியது அவர் பிள்ளைதானே?” ஆம், இளைய மகன் குலாம் முகம்மது 1842இல் கட்டியது. சிறுவனாக இந்தக் கோட்டைக் காவலுக்குள் இருந்தவர். பெரியவர் எழுந்து நின்று, சால்வையைச் சரிசெய்துகொண்டு, வாயிலை வெகுநேரம் பார்த்தார். கல்கத்தாவுக்கு மகனை முதன்முதலில் வைத்தியத்துக்குக் கூட்டிச் சென்ற நாளில் அந்த மசூதியில்தான் தொழுதேன் என்றார்.

நான் பேனாவை மூடிவிட்டேன். இங்கிருந்து வங்காளத்துக்கு அனுப்பப்பட்ட ஒரு பிள்ளை எழுப்பிய பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, வங்காளத்திலிருந்து தன் பிள்ளையுடன் இங்கே வந்து நிற்கிறார் ஒருவர். இந்தக் கோட்டையைப் பார்த்து ராஜா இல்லாத கோட்டை என்று இனி என்னால் சொல்ல முடியாது. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1816 முதல் 1832இல் இறக்கும் வரை இருந்ததும் இங்கேதான். பாலாற்றங்கரையில் அவர் அடக்கமான இடம் முத்து மண்டபமாக இருக்கிறது. சொந்த மண்ணை இழந்த அரச குடும்பங்கள் எத்தனை இரவுகள் இந்த மதிலைப் பார்த்திருக்கும். அவர்கள் துயரத்தின்மேல் நின்றுகொண்டு நாம் சிரிக்கிறோம்.

மாலை நான்கு மணிக்கு இருவரும் அதே இடத்துக்கு மறுபடி வந்தோம். கிழக்கே திரும்பி உட்கார்ந்து மலையை வரைந்தேன். செம்பழுப்பு மட்டும் போதவில்லை, கொஞ்சம் மஞ்சளும் சேர்க்க வேண்டியிருந்தது. தாளைக் கிழித்து அவரிடம் கொடுத்தேன். அடியில் ஊர்ப் பெயரையும் தேதியையும் எழுதித் தரச் சொன்னார், எழுதிக்கொடுத்தேன்.

மீதி இரண்டு

சாமி இல்லாத கோயில் என்பது நெடுங்காலம் உண்மையாக இருந்தது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் பல தலைமுறைகள் வழிபாடு இன்றிக் கிடந்தது. 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தார்கள். இன்று மார்கழியில் விடியும் முன்பே வரிசை நிற்கிறது. அந்த வரிசையில் நின்று சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்து அதே சொலவடையைச் சொல்கிறவர்களை நான் அறிவேன். கல்யாண மண்டபத்தின் யாளித் தூண்களை வரைய ஒரு ஆயுள் போதாது. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

ஆனால் தண்ணீர் இல்லாத ஆறு என்பதை நான் மறுக்கப்போவதில்லை. நான்கில் அது ஒன்றுதான் நிஜமான குறை. நிஜமாக இருப்பதால்தான் அதைச் சொல்லிச் சிரிப்பது எனக்கு மற்ற மூன்றையும்விட வலிக்கிறது. நந்தி மலைப் பக்கம் பிறந்து, மூன்று மாநிலங்களைக் கடந்து, வாயலூர் அருகே கடலில் சேரும் ஆறு அது. மேலே தேக்கினார்கள், இங்கே மணலை அள்ளினார்கள், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை இந்தியா முழுவதும் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை நம் சட்டத்தில் வேரூன்ற அந்தத் தீர்ப்பு ஒரு பெரிய காரணம். இந்த ஊர் ஆற்றுக்காகப் போராடிய ஊர். அதை மறந்துவிட்டு, ஆறு பிறக்கும்போதே வறண்டு பிறந்ததுபோலப் பேசுகிறோம். 2021 நவம்பரில் கரைபுரண்டு வெள்ளம் வந்தபோது பாலத்தில் நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர். முதியவர்கள் பூவும் மஞ்சளும் கொண்டுவந்து போட்டதை நான் கண்டேன். ஆறு ஆறாகத்தான் இருக்கிறது. தண்ணீரை எடுத்தது யார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

சொலவடைகளில் எனக்குப் பகை இல்லை. இந்த ஊரிலிருந்து மேற்கே 15 கிலோமீட்டருக்குள் விரிஞ்சிபுரம் இருக்கிறது. அந்தக் கோயிலின் சுற்றுமதிலைப் பார்த்து ‘விரிஞ்சிபுரம் மதிலழகு’ என்று சொல்லிவைத்தார்கள் முன்னோர். உள்ளே மணிகாட்டும் கல் ஒன்றும் உண்டு. அதன் காடியில் குச்சியை வைத்தால், நிழல் விழும் கோடு நேரத்தைச் சொல்லும். மதிலையும் நிழலையும் அவ்வளவு கூர்ந்து பார்த்த மக்கள் இந்த மாவட்டத்து மக்கள்தாம். தேரழகு, மதிலழகு, விளக்கழகு என்று ஊருக்கு ஊர் இருப்பதை எடுத்துச் சொன்ன வாய் எப்போது, எதனால் இல்லாததை எண்ணத் தொடங்கியது? எனக்கு இதற்கு விடை கிடைக்கவில்லை. மகளிடம் இந்த மதிலழகைச் சொன்னேன். இரண்டில் எது பழையது என்று அவள் கேட்டாள்.

தை பிறந்ததும் பாலாற்றை வரையப் போகிறேன். அதற்குள் வெயில் ஏறிவிடும் என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடலாம். மணல் அள்ளிய பள்ளங்கள், சீமைக் கருவேலம், ஓரமாக ஓடும் ஒரு முழ அகல நீர், பாலத்தூண்களில் வெள்ளம் விட்டுச்சென்ற கறை, கரையில் மாடு மேய்ப்பவர் என எதையும் விடப்போவதில்லை. ஒரு கரையிலிருந்து மறு கரை வரை முழு அகலமும் வர வேண்டும். ஒரு பக்கம் போதாது, நோட்டின் இரண்டு பக்கங்களையும் சேர்த்து விரித்து வரைய வேண்டியிருக்கும். மகளும் வருகிறேன் என்கிறாள். அவளுக்குத் தனியாக ஒரு நோட்டு வாங்கியாயிற்று.